பழைய தையல் மெஷின் மேசையின் மரப்பரப்பைச் சீராக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையில் பழைய வீடு ஒன்றை இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யும்போது, மாடிப்படிக்கு அடியிலோ பின்கட்டிலோ வார்ப்பிரும்புக் கால்களுடன் ஒரு தையல் மெஷின் மேசை கிடைப்பது வழக்கம். மெஷினுக்கு எண்ணெய் விட்டால் அநேகமாக ஓடிவிடும். மேற்பலகைதான் பார்க்கச் சகிக்காத நிலையில் இருக்கும். வெள்ளை வளையங்களும் எண்ணெய் படிந்த கறுப்பும் தெரியும், விளிம்பில் மெல்லிய மரத்தோல் உரிந்து நிற்கும், நடுவே இஸ்திரிப் பெட்டி வைத்த தடம் இருக்கும். உடனே ஒரு தச்சரை அழைத்து, சாண்டிங் மெஷினை ஓட்டிப் பலகையைப் ‘புதுசாக்கி’, மெலமைன் பாலிஷ் அடிக்கச் சொல்வோர் பலர். அந்த ஒரு மணி நேர வேலையில் போகும் மரமும் பூச்சும் திரும்பக் கிடைக்கா. இந்த மேசைகளைச் சுரண்டாமலேயே பெரும்பாலும் மீட்டெடுக்கலாம் என்பதையும், அதை எந்த வரிசையில் செய்வது என்பதையும் இங்கே விரிவாகத் தருகிறேன்.

மேசை எதனால் ஆனது?

நம் ஊருக்கு வந்த பழைய சிங்கர் மெஷின்களில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்யப்பட்டவை. 1880களில் தொடங்கிய அந்த ஆலை 1980 வரை இயங்கியது. அவற்றோடு வந்த மேசைகளின் மேற்பலகை பெரும்பாலும் ஒரே கட்டை மரமாக இராது. உள்ளே சாதாரண மரத்துண்டுகளை அடுக்கி ஒட்டி, அதன்மேல் ஓக் அல்லது வால்நட் மரத்தின் மெல்லிய தகட்டை, அதாவது வெனீரை, ஒட்டியிருப்பார்கள். இந்தியாவிலேயே செய்த மேசைகளில் கெட்டித் தேக்கும் உண்டு, பிளைவுட்டும் உண்டு. பிற்காலத்தவற்றில் சன்மைக்காவும் உண்டு. சன்மைக்கா ஒட்டிய மேசைக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

மடக்குப் பலகையைத் திறந்து, அதன் குறுக்கு விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பில் தெரியும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது கெட்டி மரம். ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தனி அடுக்கு தெரிந்தால் அது வெனீர். வெனீர் என்றால் சாண்டிங் மெஷினை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

அடுத்து, மேற்பூச்சு எது என்று அறிய வேண்டும். மடக்குப் பலகையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு, கடைக்காரர்கள் ஷெல்லாக் என்பார்கள். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ வார்னிஷோ பியூ (பாலியூரித்தேன்) பாலிஷோ அடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பழைய மேசைகளில் அரக்கே மிகுதி. அதன் பெருங்குணம், எத்தனை ஆண்டு கழிந்தாலும் ஸ்பிரிட் பட்டால் மீண்டும் கரையும் என்பது. பிற்பாடு சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்குமேல் இந்தக் குணத்தை நம்பியே நடக்கின்றன.

வேலைக்கு உகந்த காலம்

சென்னையில் இந்த வேலைக்குப் பருவம் பார்ப்பது மிக அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரக்குப் பூச்சு போட்டால், ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சின்மேல் பால் தெளித்தது போன்ற வெண்படலம் படரும். கத்திரி வெயிலிலோ ஸ்பிரிட் மளமளவென்று உலர்வதால் பூச்சு சமமாகப் பரவாமல் திட்டுத்திட்டாக நிற்கும். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரையிலான நாட்களே நல்லவை. அவற்றிலும், காலை ஈரம் தணிந்த பத்து மணியிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கும் வரையிலான பொழுதைப் பூச்சு வேலைக்கு ஒதுக்குங்கள். சுத்தம் செய்வதையும் வெனீர் ஒட்டுவதையும் மற்ற மாதங்களிலும் செய்யலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற மேசைகள் இன்னும் பல வீடுகளில் அப்படியே இருக்கின்றன. நனைந்த மேசையை மொட்டை மாடி வெயிலில் வைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வேகமாக உலர்ந்து பலகை வளையும், வெனீர் மொத்தமாகக் கழன்று வரும். இழுப்பறைகளை வெளியே எடுத்து, காற்றோட்டமான நிழலில், அடியில் கட்டைகள் கொடுத்து, வாரக்கணக்கில் பொறுமையாக உலர விட வேண்டும்.

மெஷின் ஹெட்டைக் கழற்றுதல்

முதலில் தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவ விடுங்கள். ஹெட்டை, அதாவது தைக்கும் இயந்திரப் பகுதியை, பின்பக்கமாகச் சாய்த்தால், பலகையின் பின்விளிம்பில் உள்ள இரு கீல்முளைகளும் அவற்றை இறுக்கும் திருகுகளும் தெரியும். அவற்றைத் தளர்த்தியதும் ஹெட் மேலே வந்துவிடும். வார்ப்பிரும்பு ஹெட் நல்ல கனமாக இருக்கும் என்பதால் ஒருவர் தூக்க, இன்னொருவர் பலகையைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஹெட்டை இன்னோர் அறைக்கே கொண்டுபோய் வையுங்கள். அதன் கறுப்பு உடலில் உள்ள தங்கநிறச் சித்திரங்களின் மேலும் அரக்கு உண்டு. ஸ்பிரிட் ஈரம் உள்ள துணி ஒருமுறை பட்டாலும் சித்திரம் கையோடு வந்துவிடும்.

பித்தளைக் கைப்பிடிகள், கீல்கள், பூட்டுத் தகடு ஆகியவற்றையும் கழற்றி, எந்தத் திருகு எந்த இடத்துக்கு என்று காகிதத்தில் குறித்து டப்பாவில் போடுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது மரத்திலிருந்து கழற்றிய பிறகுதான். புளித்தண்ணீர் மரத்தில் பட்டால் இன்னொரு கறை சேரும்.

அழுக்கு நீக்கம்

பலகையின்மேல் இருக்கும் கறுப்பு பெரும்பாலும் மரத்தின் நிறமன்று. மெஷின் எண்ணெய், துணிப்பஞ்சு, கைவியர்வை, வீட்டுத் தூசி எல்லாம் சேர்ந்து இறுகிய படலம் அது. மினரல் டர்பென்டைனில் லேசாக நனைத்த பழைய பனியன் துணியால் ஒரு சாண் அகலப் பகுதியாக எடுத்துத் துடையுங்கள். டர்பென்டைன் எண்ணெயையும் மெழுகையும் கரைக்கும், அரக்கைத் தொடாது. துணி கறுத்ததும் மடிப்பை மாற்றுங்கள். இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். இந்த ஒரு படியிலேயே பல மேசைகள் பாதி மீண்டுவிடுகின்றன. கறுப்புக்கு அடியில், முன்விளிம்பில் பதித்த அளவுக்கோடு வெளிப்படுவதும் உண்டு. எனவே இந்தப் படி முடியும் வரை வேறு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

சோப்புத் தண்ணீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெனீரின் அடியில் உள்ள பழைய பசை தண்ணீரில் இளகும். நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் மேசைக்கும் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் இட்டிருப்போம். மஞ்சள் ஊறிய இடத்தில் சோப்பின் காரம் பட்டால் அது சிவப்பாகத் திரும்பும். மஞ்சள் கறையை ஸ்பிரிட் கரைக்கும். ஆனால் அரக்கும் கூடவே கரையும் என்பதால், பூச்சு உரிந்த இடத்தில் மட்டும் ஸ்பிரிட்டைப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் பலகையைச் சில நாட்கள் ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்தாலே மஞ்சள் வெளுக்கும். குங்குமம் அப்படி எளிதில் போகாது, அதன் சுவடு சற்று நிற்கும். அதையும் அந்த வீட்டின் அடையாளமாக விட்டுவிடுவதே என் விருப்பம்.

கறைகளை இனம் பிரித்தல்

வெள்ளை வளையம் என்றால் ஈரம் பூச்சுக்குள் மட்டுமே சிக்கியிருக்கிறது, மரம் நலமாக இருக்கிறது என்று பொருள். துணியில் ஸ்பிரிட்டைத் தெளித்து நன்றாகப் பிழிந்துவிட்டு, கறையின்மேல் தூசி தட்டுவது போல ஓரிரு முறை வீசித் தொடுங்கள். அரக்கு நொடிப்பொழுது இளகி ஈரத்தை வெளியே விடும். இதற்கு மசியாவிட்டால், நன்றாகச் சலித்த சாம்பலை ஒரு துளி மெஷின் எண்ணெயில் குழைத்து விரல்நுனியால் மெல்லத் தேயுங்கள்.

கறுப்பு வளையம் வேறு வகை. தண்ணீரும் இரும்பும் சேர்ந்து மரத்தின் துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்ததால் வருவது அது. ஈரக் கத்தரிக்கோலோ துருப்பிடித்த டப்பாவோ இருந்த இடமாக இருக்கும். ஓக்கில் இது மிக ஆழமாக இறங்கும். இங்கே மட்டும் பூச்சை ஸ்பிரிட்டால் எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்துத் தடவ வேண்டும். கறையின் அளவுக்கு மட்டும் தடவினால் வெளுத்த திட்டு விழும். அந்தப் பலகைத்துண்டு முழுவதும் ஒரே சீராகத் தடவுங்கள். பாத்திரம் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆக இருக்கட்டும். கறை வெளுத்ததும் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பலமுறை துடைத்து உலர விடுங்கள். இந்த அமிலம் நஞ்சு. கையுறை கட்டாயம், உலர்ந்த பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் மிச்சத்தை வைத்திருக்கவும் கூடாது.

பூச்சைத் தாண்டி மரத்துக்குள் ஊறிய எண்ணெய்க்கு முல்தானி மிட்டி போதும். அதை டர்பென்டைனில் சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் குழைத்துக் கறையின்மேல் அரை அங்குலம் அப்பி, மேலே பாலித்தீன் மூடி ஓர் இரவு விட்டு, மறுநாள் திறந்து உலர்ந்ததும் உதிர்த்துவிடுங்கள். மண் எண்ணெயை உறிஞ்சியிருக்கும். ஊசித் தண்டுக்கு நேர் கீழே உள்ள இடத்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம்.

இஸ்திரித் தடம் பூச்சளவில் இருந்தால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். மரம் கரியாகியிருந்தால் அந்த இடத்துக்கு வெனீர் ஒட்டுதான் வழி.

வெனீர் வேலை

நகத்தால் பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான ஒலி வரும், எழும்பிய இடத்தில் உள்ளீடற்ற ஒலி வரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

பழைய மேசைகளை ஒட்டியது வச்சிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அரக்கைப் போலவே இதுவும் மீண்டும் இளகும். எழும்பிய வெனீரின் அடியில் பழைய பசை தூசியில்லாமல் இருந்தால் புதுப் பசையே வேண்டியதில்லை. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை அந்த இடத்தில் மட்டும் விரித்து, மிதமான சூட்டில் உள்ள இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் வைத்து எடுங்கள். வெனீர் வளைந்து கொடுக்கும் அளவுக்கு இளகியதும், மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் சமமான கட்டை, அதன்மேல் கனம் என்று வைத்து ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பூச்சு வெளுக்கும். பின்னால் அதைச் சரிசெய்துகொள்ளலாம், அஞ்ச வேண்டாம்.

அடியில் தூசி புகுந்திருந்தால், மெல்லிய கத்தியைச் செருகி, வெதுவெதுப்பான நீர் தொட்ட பிரஷால் பழைய பசையைக் கழுவி எடுத்த பிறகே புதிதாக ஒட்ட வேண்டும். பழைய வச்சிரத்தின்மேல் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. பலகையின் நடுவே கொப்புளம் போல எழும்பியிருந்தால், சவரப் பிளேடால் ரேகையின் போக்கிலேயே ஒரு கீறல் போட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சில் நீர்த்த பசையை ஏற்றி உள்ளே செலுத்தி, விரலால் வெளிப்பக்கமாக வழித்து, கசிந்த பசையைத் துடைத்துவிட்டு அழுத்தம் கொடுங்கள். ரேகையோடு போகும் கீறல் பின்னால் கண்ணுக்குத் தெரியாது.

எந்தப் பசை என்பதில் என் கருத்து இது: வச்சிரம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். வெள்ளத்தில் நின்ற மேசைக்கும் தரை ஈரம் ஏறும் வீட்டுக்கும் ஃபெவிகால் மேல். ரப்பர் பசையை மட்டும் எக்காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அது நாளடைவில் நழுவும், அடுத்து பழுது பார்ப்பவரால் அதை எடுக்கவும் முடியாது.

வெனீர் உடைந்து காணாமல் போன இடத்துக்கு ஒட்டுப்போட வேண்டும். குழியின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அதன் வடிவம் பதியும். ஆனால் குழியைச் சதுரமாக வெட்டிச் சீராக்காதீர்கள். ரேகைக்குக் குறுக்கே போகும் நேர்கோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினாலும் கண்ணில் படும். ரேகையின் திசையில் இரு முனையும் கூம்பும் படகு வடிவில் ஓரங்களை வெட்டுங்கள். ஒட்டுத்துண்டை அதே மேசையின் மறைவான இடத்திலிருந்து எடுப்பது உத்தமம். சேதமான இன்னொரு மேசையின் வெனீர் அடுத்த தேர்வு. பிளைவுட் கடைகளில் இன்று கிடைக்கும் வெனீர் பழையதைவிட மெல்லியதாகையால், இரண்டு அடுக்கு ஒட்டினால்தான் மட்டம் வரும். வெட்டும் முன் துண்டைப் பலகையின்மேல் வைத்து, தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். ஒரே துண்டு ஒரு திசையில் வெளிறியும் மறுதிசையில் இருண்டும் தெரியும், பொருந்தும் திசையில் ஒட்டுங்கள். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். அதன் ஒட்டுப்பரப்பைத் தின்னரால் துடைத்த உடனே பசை தடவ வேண்டும்.

பிளவும் உளுப்பும்

பலகைகளின் இணைப்பு விட்டிருந்தால் பசை செலுத்திக் கிளாம்பால் இறுக்கலாம். அகன்ற பிளவைப் பட்டியால் அடைப்பதைவிட, அதே மரத்தில் சீவிய சன்னமான ஆப்பைப் பசையுடன் செருகி உளியால் மட்டம் செய்வது நெடுநாள் நிற்கும். மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும்போது பிளவை அளக்காதீர்கள்.

குண்டூசித் தலை அளவு துளைகளும் அடியில் புது மாவும் இருந்தால் மரம் இன்னும் உளுத்துக்கொண்டிருக்கிறது. மரப்பூச்சி மருந்தை சிரிஞ்சால் துளைதோறும் செலுத்தி, பாலித்தீனால் சுற்றி வைத்து, மாவு கொட்டுவது நின்ற பிறகே அடுத்த வேலைக்குப் போகலாம். துளையில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அது ஊறிய இடத்தில் பசையும் பிடிக்காது, பூச்சும் பிடிக்காது.

பூச்சு

பூச்சு வெடித்து முதலைத்தோல் போல இருந்தாலும் அதை உரிக்க வேண்டியதில்லை. மேசையை மட்டமாக நிறுத்தி, மென்மையான பிரஷால் ஸ்பிரிட்டை ஒரே போக்கில் தடவுங்கள். பழைய அரக்கே கரைந்து, வெடிப்புகளுக்குள் பாய்ந்து, மீண்டும் ஒன்றாகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிரஷ் ஓட்டாமல் உலர விட்டு, மறுநாள் தேவையானால் இன்னொரு முறை செய்யுங்கள். நூறாண்டுக்கு முன் பூசிய அதே அரக்கு, அதே தேன் நிறத்துடன், அந்த மேசைமேலேயே மறுபடியும் பளபளப்பதைப் பார்த்தவர்கள் உரிப்பதைப் பற்றி நினைக்க மாட்டார்கள்.

பூச்சு முழுக்கத் தேய்ந்த இடங்களுக்குப் புது அரக்கு வேண்டும். அரக்குச் சீவலாகவே வாங்குங்கள். பாரிமுனைப் பக்கத்துப் பழைய கடைத்தெருக்களில் கேட்டால் கிடைக்கும். 100 கிராம் சீவலை அரை லிட்டர் ஸ்பிரிட்டில், கண்ணாடிப் புட்டியில் போட்டு இரவு முழுவதும் விட்டு, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரத்தில் அரக்கு கறுத்துப் போகும். கரைத்து வைத்தது நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் கெடும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, அது உலர்ந்தும் பிசுபிசுத்தால் அந்தப் புட்டியைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பிரிட் ஆவி நஞ்சும் தீப்பற்றக்கூடியதும் ஆகும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அந்த அறையில் விளக்கோ ஊதுவத்தியோ ஏற்ற வேண்டாம்.

ஒட்டுத்துண்டு வெளிறியிருந்தால், அரக்கு பூசும் முன் ஸ்பிரிட்டில் கரைத்த நிறப்பொடியைத் தொட்டுத் தொட்டு ஏற்றுங்கள். ஸ்பிரிட் ஈரத்துடன் மரம் காட்டும் நிறமே ஏறக்குறைய பூச்சு முடிந்தபின் தெரியும் நிறம். ஒரு சாயல் குறைவாகவே நிறுத்துங்கள், அரக்கு மீதியை ஈடுகட்டும்.

பஞ்சை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, பலமுறை துவைத்த வேட்டித் துணியில் முடிந்துகொள்ளுங்கள். பஞ்சில் அரக்கை ஊற்றி, காகிதத்தில் ஒற்றி, ஈரச்சுவடு மட்டும் விழும் அளவுக்கு வந்ததும் பலகையில் ஓட்டத் தொடங்குங்கள். இந்தத் துணிப்பொதி பலகையின் விளிம்புக்கு வெளியிலிருந்து வழுக்கி உள்ளே வந்து, மறுவிளிம்பு வழியே வெளியேற வேண்டும். நடுவில் ஒரு கணம் நின்றாலும் கீழே இருக்கும் பூச்சு பிய்ந்துவிடும். பொதி ஒட்டுவது போலத் தோன்றினால் அதன் அடியில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் போதும். நான்கைந்து முறை ஓட்டி நிறுத்திவிட்டு, மறுநாள் 400ஆம் எண் உப்புத்தாளால் ரேகையோடு மெல்லத் தடவி, தூசி துடைத்துத் தொடருங்கள். மூன்று நான்கு நாட்களில் பரப்பு நிறைந்துவிடும். வெண்படலம் விழுந்தால், வெயில் காய்ந்த நாளில் ஸ்பிரிட் வாசனை மட்டுமே உள்ள பொதியை மேலே ஓட்டுங்கள், மறைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கியபின் விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

ஒரு வாரம் இறுகியபின் தேன்மெழுகு பூசலாம். ஒரு பங்கு மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்தபின் மூன்று பங்கு டர்பென்டைன் கலந்தால் வெண்ணெய் போல இறுகும். அதையே இழுப்பறைகளின் ஓரங்களிலும் தடவினால் மழைக்காலத்தில் அவை சிக்காது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுவதை நிறுத்துங்கள். அவை சரியாக உலர்வதில்லை, தூசியைப் பிடித்து மீண்டும் அதே கறுப்புப் படலத்தை உண்டாக்கும்.

திரும்பப் பொருத்துதல்

பூச்சு இறுக மூன்று நான்கு வாரம் கொடுத்து ஹெட்டைக் கீல்முளைகளில் இறக்குங்கள். ஹெட் அமரும் மூலைகளில் சிறு கம்பளித் துண்டுகளை வைத்தால் இரும்பு மரத்தைக் கடிக்காது. எண்ணெய் விட்ட அன்று ஊசித் தண்டுக்குக் கீழே ஒரு பருத்தித் துணியை இரவு முழுவதும் விட்டு வையுங்கள். நாள்தோறும் தைப்பவராக இருந்தால் முன்விளிம்பில் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பொதியை ஓட்ட வேண்டியிருக்கும், அரை மணி நேர வேலை. ஆயுத பூஜைக்குப் பொட்டை வார்ப்பிரும்புக் காலில் வையுங்கள். மேசையை மூடி வைக்கப் பருத்தி விரிப்பையே பயன்படுத்துங்கள். ரெக்சினும் பிளாஸ்டிக் விரிப்பும் வெக்கையில் அரக்கை இளக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தெடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.